மஞ்சள் தாள் வருவதற்கு முன்: இங்கிலாந்தில் உங்கள் ஊரின் இயற்கைத் தரவுகளைச் சேகரிப்பது எப்படி

விளக்குக் கம்பத்தில் ஒரு மஞ்சள் தாளைக் கட்டியிருந்தார்கள். மழைக்குப் பாதுகாப்பாக பிளாஸ்டிக் உறை வேறு. ரயிலுக்குப் போகும் அவசரத்தில் அதைத் தினமும் தாண்டிப் போனேன். ஆறாம் நாள்தான் நின்று படித்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் வீடுகள் கட்ட விண்ணப்பம். கருத்துச் சொல்ல 21 நாள் அவகாசம். அதில் ஆறு ஏற்கெனவே போய்விட்டது.

அந்த வயலில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, பக்கத்து ஓடை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆதாரத்தோடு எழுதலாம் என்று அன்றிரவே கவுன்சிலுக்குத் தகவல் கேட்டு மின்னஞ்சல் போட்டேன். சட்டப்படி அவர்கள் பதில் தர 20 வேலைநாள் எடுத்துக்கொள்ளலாம். 20 வேலைநாள் என்றால் நாலு வாரம். 21 நாள் என்றால் மூன்று வாரம். ஆக, முதல் நாளே கேட்டிருந்தாலும் பதில் வருவதற்குள் கெடு முடிந்திருக்கும். ஆறாம் நாள் கேட்டவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஊருக்கு வீடு வாங்கியோ வாடகைக்கோ வந்து, சுற்றுப்புறத்தைப் பற்றி உருப்படியான தகவல் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது சர்ரே கவுண்டி, அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும். இங்கிலாந்தின் மற்ற கவுண்டிகளிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான். ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் அமைப்பு வேறு, அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

1. இடத்தை எண்ணால் குறித்துக்கொள்ளுங்கள்

எந்தத் தரவைக் கேட்டாலும் முதல் கேள்வி 'எந்த இடம்' என்பதுதான். போஸ்ட்கோடைச் சொன்னால் போதும் என்று நினைப்போம். போதாது. போஸ்ட்கோடு தபால்காரருக்கானது, வயலுக்கும் ஓடைக்கும் போஸ்ட்கோடு கிடையாது.

இங்கே எல்லோரும் பயன்படுத்துவது ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் கட்ட எண். இரண்டு எழுத்து, அப்புறம் எண்கள். சர்ரேயின் கிழக்குப் பகுதி 'டிக்யூ' கட்டத்தில் வரும், மேற்குப் பகுதி 'எஸ்யூ' கட்டத்தில். எழுத்துகளுக்குப் பின் ஆறு இலக்கம் கொடுத்தால் நூறு மீட்டர் சதுரம். நாலு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் சதுரம். கிழக்கு நோக்கிய எண் முதலில், வடக்கு நோக்கிய எண் பிறகு. மாற்றிப் போட்டால் உங்கள் வயல் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். கட்ட எண்ணைக் காட்டும் இலவச வலைத்தளங்கள் நிறைய உண்டு. வயலின் நடுப்புள்ளியையும் நாலு மூலைகளையும் குறித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் யாருடையது என்று தெரிய வேண்டுமானால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசுத் தளத்தில் உரிமைப் பதிவின் நகல் 7 பவுண்டு. கூகுளில் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அதே காகிதத்துக்கு முப்பது, நாற்பது பவுண்டு பிடுங்குவார்கள். முகவரியின் கடைசியில் அரசின் 'ஜிஓவி டாட் யூகே' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையை எடுங்கள்.

2. எந்தக் கதவைத் தட்ட வேண்டும்

நம் ஊரில் எதற்கும் கலெக்டர் ஆபீஸ் என்று பழகியவர்களுக்கு இங்கே தலை சுற்றும். சர்ரேயில் கவுண்டி கவுன்சில் ஒன்று, அதற்குக் கீழே 11 பரோ அல்லது மாவட்ட கவுன்சில்கள் (பெயர்தான் வேறு, வேலை ஒன்றே). 2027 ஏப்ரலில் இதெல்லாம் போய் இரண்டே கவுன்சில்கள் வரவிருக்கின்றன. அதுவரை வேலைப் பங்கீடு இப்படி:

காற்றின் தரம், கட்டட அனுமதி, மாசுபட்ட நிலத்தின் பதிவேடு, மரப் பாதுகாப்பு ஆணை: பரோ கவுன்சில்.

மழைநீர் தேங்கும் வெள்ளம், இயற்கை மீட்புத் திட்டம்: கவுண்டி கவுன்சில். 2021 சுற்றுச்சூழல் சட்டத்தின்படி இங்கிலாந்தை 48 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இயற்கை மீட்புத் திட்டம் போட்டிருக்கிறார்கள். உங்கள் பகுதிக்கான வரைபடத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், உங்கள் வயல் அதில் வண்ணம் பூசப்பட்டிருந்தால் பின்னால் உதவும்.

பெரிய ஆறுகள், ஆற்று நீரின் தரம், கழிவு வெளியேற்ற உரிமங்கள்: என்விரான்மென்ட் ஏஜென்சி.

பாதுகாக்கப்பட்ட இயற்கைத் தலங்கள்: நேச்சுரல் இங்கிலாந்து.

சாக்கடை நீர் வழிந்தோடிய கணக்கு: உங்கள் பகுதியின் தண்ணீர் நிறுவனம்.

தவறான கதவைத் தட்டினால் 'அது எங்களிடம் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வரும். அந்த ஒரு வரியும் இருபதாவது வேலைநாளில்தான் வரும். எனக்கு வந்தது.

3. இலவச வரைபடங்களில் ஒரு மாலை செலவிடுங்கள்

பணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. முதலில் அரசின் 'மேஜிக்' வரைபடம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இடைமுகம் பழங்காலத்தது, மெதுவாகத்தான் நகரும். இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு அடுக்காக டிக் போட்டுப் பார்க்க வேண்டும். சிறப்பு அறிவியல் முக்கியத்துவமுள்ள தலங்கள், பழங்காடுகள், முன்னுரிமை வாழிடங்கள், வௌவால் முதலிய பாதுகாக்கப்பட்ட உயிர்களுக்காக முன்பு வழங்கிய உரிமங்கள், இந்த நாலையும் கட்டாயம் போடுங்கள். வடமேற்கு சர்ரேயில் இருந்தால் தேம்ஸ் பேசின் ஹீத்ஸ் எல்லையையும் பாருங்கள். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2005இல் அறிவித்த தலம் அது. அதிலிருந்து 400 மீட்டருக்குள் புதுவீடு கட்ட விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். 5 கிலோமீட்டர் வரை கூடுதல் நிபந்தனைகள் உண்டு.

மேஜிக்கில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, உள்ளூர் வனவுயிர்த் தலங்கள் அதில் வராது. சர்ரேயில் 'எஸ்என்சிஐ' என்றும் லண்டனில் 'சின்க்' என்றும் சொல்லும் இந்தத் தலங்கள்தான் நம் வீட்டுப் பக்கத்தில் அதிகம் இருப்பவை. அவற்றை பரோ கவுன்சிலின் உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் தேட வேண்டும். இரண்டு, பழங்காடு என்றால் 1600ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாக இருப்பது. ஆனால் பழைய பட்டியல் தயாரித்தபோது 2 ஹெக்டேருக்குக் குறைவானவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். சின்னத் தோப்பு பட்டியலில் இல்லாவிட்டால் அது பழையது இல்லை என்று ஆகாது.

அடுத்தது 'என்பிஎன் அட்லஸ்'. எந்த உயிரினம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று நாடு முழுக்கக் காட்டும். கட்ட எண் போட்டு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் தேடிப் பார்க்கலாம்.

வரைபடம் வெறுமையாக இருந்தால், அங்கே உயிர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். இயற்கைப் பூங்காக்களைச் சுற்றிப் பதிவுகள் குவிந்திருக்கும், பக்கத்து வயலில் ஒன்றுகூட இருக்காது. பறவைகள் என்ன வேலி பார்த்தா உட்காருகின்றன?

4. கவுண்டியின் பதிவு மையத்துக்கு எழுதுங்கள்

இப்படி ஒன்று இருப்பதே எனக்கு நாலு வருடம் தெரியாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உள்ளூர்ச் சுற்றுச்சூழல் பதிவு மையம் உண்டு. சர்ரேக்கு சர்ரே பயோடைவர்சிட்டி இன்ஃபர்மேஷன் சென்டர். லண்டனுக்கு 'கிகில்'. கென்ட், சசெக்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு பக்கமெல்லாம் தனித்தனி மையங்கள் இருக்கின்றன. தேசிய அட்லஸுக்குப் போகாத பதிவுகள், உள்ளூர்த் தலங்களின் எல்லைகள், பழைய ஆய்வுக் குறிப்புகள் எல்லாம் இவர்களிடம் கிடைக்கும்.

கட்டணம் மையத்துக்கு மையம் மாறும். கட்டட நிறுவனங்களுக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரு தேடலுக்கு நூறு பவுண்டுக்கு மேல், வாட் வரி தனி. ஆனால் சொந்த ஆர்வத்துக்கோ இயற்கைப் பாதுகாப்புக்கோ கேட்கும் தனிநபருக்குப் பல மையங்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருகின்றன. இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். படிவத்தில் நோக்கம் கேட்கும் இடத்தில் வணிக நோக்கம் இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். பதில் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

கேட்கும்போது ஒரு கிலோமீட்டர் சுற்றளவு, கடைசிப் பத்து வருடம், பாதுகாக்கப்பட்ட உயிரினங்களும் முன்னுரிமை உயிரினங்களும் என்று சுருக்குங்கள். ஆசைப்பட்டு ஐந்து கிலோமீட்டர் கேட்டால் ஆயிரக்கணக்கில் வரிகள் வரும், வேண்டியதை அதில் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள். பேட்ஜர் (மண்ணில் வளை தோண்டி வாழும் விலங்கு) வளை போன்ற சில இடங்களைத் துல்லியமாகத் தரமாட்டார்கள், தந்தாலும் வெளியிடக் கூடாது. பேட்ஜர்களை நாய் விட்டுத் துன்புறுத்தும் கும்பல்கள் இன்னும் இருக்கின்றன. தெரு வாட்சப் குழுவில் வளையின் இடத்தைப் போட்டுவிட்டு நல்லது செய்ததாக நினைக்க வேண்டாம்.

5. காற்றும் தண்ணீரும்

காற்றுக்கு, உங்கள் பரோ கவுன்சிலின் வருடாந்தர காற்றுத்தர அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பங்களில் சுண்டுவிரல் அளவில் பிளாஸ்டிக் குழாய்கள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அவற்றின் கணக்குதான் அது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்குச் சட்ட வரம்பு ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 10. 'வரம்புக்குள் இருக்கிறது' என்ற வாக்கியத்தைப் பார்த்தால் எந்த வரம்பு என்று கேளுங்கள். கவுன்சில்கள் இந்த அறிக்கையை ஜூன் கடைசிக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டும், பொதுப்பார்வைக்கு வர இன்னும் சில மாதம் ஆகலாம். அதனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் எண் முந்தைய வருடத்தினுடையதாகவோ அதற்கும் பழையதாகவோ இருக்கும்.

தண்ணீருக்கு என்விரான்மென்ட் ஏஜென்சியின் 'கேட்ச்மென்ட் டேட்டா எக்ஸ்ப்ளோரர்'. ஆற்றின் பெயரைப் போட்டால் மிக நன்று, நன்று, மிதம், மோசம், மிக மோசம் என்று மதிப்பெண் வரும். நம் பள்ளிக்கூடத்து முறைதான் இதற்கும்: ஒரு பாடத்தில் தவறினாலும் மொத்தத்தில் ஃபெயில். மீன் நன்றாக இருந்து பாஸ்பேட் கூடியிருந்தால் ஆறு முழுவதும் கீழே இறங்கிவிடும். அதனால் மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் உள்ளே போய் எந்தப் பாடத்தில் தவறியது என்று பாருங்கள். 2019 கணக்குப்படி இங்கிலாந்தின் நீர்நிலைகளில் 16 சதவீதம்தான் 'நன்று' வாங்கியவை. வேதியியல் பாடத்தில் அந்த வருடம் ஒன்றுகூடத் தேறவில்லை. அதனால் உங்கள் ஆற்றுக்கு 'மிதம்' என்று வந்தால் அதையே பெரிய கண்டுபிடிப்பாக எழுதிவிடாதீர்கள், அதிகாரிகள் அசரமாட்டார்கள். ஏன் மிதம், எந்த வருடத்திலிருந்து சரிந்தது என்று எழுதினால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மழைக்காலத்தில் சாக்கடை ஆற்றில் கலக்கும் கணக்கும் இப்போது பொதுவில் கிடைக்கிறது. 2023 முடிவுக்குள் இங்கிலாந்தின் எல்லா வழிந்தோடிகளிலும் (மழையில் சாக்கடை நிரம்பினால் ஆற்றில் திறந்துவிடும் குழாய்கள்) கண்காணிப்புக் கருவி மாட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் முந்தைய வருடக் கணக்கு வரும், நிறுவனங்களின் நேரலை வரைபடமும் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தக் கருவி எத்தனை முறை, எவ்வளவு நேரம் வழிந்தது என்றுதான் சொல்லும். எவ்வளவு தண்ணீர் என்று சொல்லாது. 'இத்தனை மணி நேரம் வழிந்தது' என்பதை 'இத்தனை லிட்டர்' என்று யாராவது மாற்றி எழுதியிருந்தால் அது அவர்கள் கற்பனை.

கண்ணெதிரே ஓடையில் நுரையோ செத்த மீனோ தெரிந்தால் தரவு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். என்விரான்மென்ட் ஏஜென்சியின் 24 மணிநேர எண் 0800 80 70 60. இலவசம். புகார் எண் தருவார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தகவல் கேட்க அதுதான் பிடி.

6. ஈஐஆர் கடிதம்

வலைத்தளத்தில் கிடைக்காததைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். 'எஃப்ஓஐ' என்ற தகவல் சுதந்திரச் சட்டம் பலருக்கும் தெரியும். சுற்றுச்சூழல் விஷயத்துக்கு அது இல்லை. 2004ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தகவல் விதிகள்தான், சுருக்கமாக ஈஐஆர். எஃப்ஓஐயில் செலவு 450 அல்லது 600 பவுண்டைத் தாண்டும் என்று காட்டி மறுத்துவிடலாம். ஈஐஆரில் அப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. தண்ணீர் நிறுவனங்கள் தனியார்தான், ஆனாலும் அவர்களும் பதில் சொல்லியாக வேண்டும் என்று 2015இல் தீர்ப்பாயம் முடிவு செய்துவிட்டது.

விசாவில் இருக்கிறோமே, கேட்டால் ஏதாவது ஆகுமா என்று ஒரு நண்பர் தயங்கினார். ஒன்றும் ஆகாது. குடியுரிமை தேவையில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. பெயரும் மின்னஞ்சலும் போதும்.

என் முதல் கடிதத்தில் 'இந்த வயல் தொடர்பான அனைத்துச் சுற்றுச்சூழல் தகவல்களும்' என்று கேட்டிருந்தேன். பத்தொன்பதாவது வேலைநாளில் பதில் வந்தது: 'தயவுசெய்து குறிப்பாகச் சொல்லவும்.' நான் குறிப்பாகச் சொன்னதும் கடிகாரம் மறுபடி ஒன்றிலிருந்து ஓடத் தொடங்கியது. அவர்கள் செய்தது சட்டப்படி சரி. தப்பு என்னுடையது.

இரண்டாம் கடிதத்தில் இருந்தவை, உங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

சுற்றுச்சூழல் தகவல் விதிகள் 2004இன் கீழ் கேட்கிறேன் என்று முதல் வரி.

இடத்தின் கட்ட எண், கூடவே வரைபடத்தின் ஒரு படம்.

தேதி வரம்பு: எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை.

எண்ணிட்ட மூன்று கேள்விகள், மூன்றுக்கு மேல் வேண்டாம். உதாரணமாக: ஒன்று, இந்த இடம் குறித்துக் கவுன்சிலின் சூழலியலாளர் எழுதிய குறிப்புகள், இரண்டு, இந்த ஓடையில் எடுத்த நீர் மாதிரி முடிவுகள், மூன்று, இந்தத் தெருவில் வெள்ளம் புகுந்ததாக வந்த புகார்களின் தேதிகள்.

எண்கள் உள்ள தகவலை எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாகத் தரவும் என்று ஒரு வரி. இதை விட்டால் கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் வரும், நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். வடிவத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கட்டணம் ஏதும் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று கடைசி வரி. நியாயமான கட்டணம் கேட்கலாம் என்று விதி சொல்கிறது. எனக்கு யாரும் கேட்டதில்லை. பொதுப் பதிவேட்டை நேரில் போய்ப் பார்க்கக் கட்டணம் வாங்கக் கூடாது.

சிக்கலான, பெரிய கோரிக்கை என்று காரணம் காட்டி 40 வேலைநாள் வரை நீட்டிக்கலாம். அதற்கும் முதல் 20 நாளுக்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் 40 வேலைநாளுக்குள் உள் மறுஆய்வு கேளுங்கள், மின்னஞ்சல் ஒன்றே போதும். அதற்கும் மசியவில்லை என்றால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் புகார், அதுவும் இலவசம். ஆனால் மாதங்கள் ஓடும். பொதுவிடுமுறைகள் வேலைநாளில் சேராது என்பதால் கிறிஸ்துமஸுக்கு முன் அனுப்பினால் ஜனவரி கடைசியில்தான் பதிலை எதிர்பார்க்கலாம்.

'வாட்டூதேநோ' என்ற தளம் வழியாக அனுப்பினால் பதில் எல்லோர் பார்வைக்கும் வரும், அடுத்தவருக்கும் பயன்படும். உங்கள் பெயரும் அதோடு நிரந்தரமாக இணையத்தில் நிற்கும். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் அந்த வழி.

7. விண்ணப்பத்தோடு வந்த சூழலியல் அறிக்கையைப் படியுங்கள்

கவுன்சிலின் பிளானிங் பக்கத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் ஆவணங்கள் வரிசையாக வரும். எண்பது பக்க அறிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். சுருக்கத்தை விட்டுவிட்டு நேராக 'வரம்புகள்' என்ற பத்திக்குப் போங்கள். ஆய்வாளர்கள் நேர்மையானவர்கள், தங்களால் எதைப் பார்க்க முடியவில்லை என்று அங்கே எழுதியிருப்பார்கள்.

அப்புறம் தேதி. எங்கள் வயலின் அறிக்கைக்காக ஆய்வாளர் வந்தது டிசம்பர் மாதம். 'ஊர்வன எதுவும் காணப்படவில்லை.' டிசம்பரில் எது தலைகாட்டும்? அறிக்கையின் வயதையும் பாருங்கள். ஆய்வு நடந்து 18 மாதம் தாண்டியிருந்தால் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம் என்றும், மூன்று வருடம் தாண்டினால் பெரும்பாலும் செல்லாது என்றும் சூழலியலாளர்களின் தொழில் அமைப்பான 'சியெம்' 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது.

அடுத்து, பழைய பதிவுகளை எங்கிருந்து எடுத்தார்கள் என்ற அடிக்குறிப்பு. பதிவு மையத்திடம் பணம் கட்டி வாங்காமல் இலவச அட்லஸை மட்டும் பார்த்துவிட்டு 'ஒரு கிலோமீட்டருக்குள் பதிவுகள் இல்லை' என்று எழுதியிருந்தால் உங்கள் கருத்தின் முதல் புள்ளி கிடைத்துவிட்டது. அட்லஸின் பல தரவுத்தொகுப்புகளை வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது என்று உரிமத்தில் இருக்கிறது, அது இரண்டாம் புள்ளி.

பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதல் உயிர்ப்பன்மையை 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. அதற்கான எக்செல் கோப்பில் 'இப்போதைய நிலை' என்ற பக்கத்தைப் பாருங்கள். விண்ணப்பத்துக்கு முன்பே புதரையெல்லாம் வழித்துவிட்டு 'வெறும் புல்தரை' என்று எழுதும் தந்திரம் உண்டு. 2020 ஜனவரி 30க்குப் பிறகு அனுமதியில்லாமல் அப்படி அழித்திருந்தால் அழிப்பதற்கு முந்தைய நிலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூகுள் எர்த்தின் பழைய வான்படங்களை வருடவாரியாகச் சேமித்து இணையுங்கள். சொந்த வீட்டை நீட்டிக் கட்டுபவர்களுக்கு இந்த 10 சதவீத விதி பொருந்தாது, பயப்பட வேண்டாம்.

கருத்து எழுதும்போது வீட்டு விலை குறையும், ஜன்னல் காட்சி போய்விடும் என்பதையெல்லாம் தொடாதீர்கள், கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். உங்கள் பெயரும் முகவரியும் இணையத்தில் வரலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும். கெடு தாண்டிவிட்டாலும் முடிவு எடுக்கும் வரை அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலான கவுன்சில்கள் படிக்கின்றன, உத்தரவாதம் இல்லை. என்னுடையது பன்னிரண்டு நாள் தாமதமாகப் போனது, ஏற்றுக்கொண்டார்கள்.

8. நீங்கள் பார்த்ததை நீங்களே பதியுங்கள்

எங்கள் அலாட்மென்ட், அதாவது காய்கறி போட வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டு, அந்த வயலை ஒட்டியே இருக்கிறது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி உரக்குவியலின் மேல் கிடந்த பழைய கம்பளத்தைத் தூக்கியவள் "என்னங்க, பாம்பு!" என்று கத்தினாள். பென்சில் தடிமன், வெண்கல நிறம், எண்ணெய் பூசியது போல ஒரு மினுக்கம். பக்கத்துப் பாத்தி மூதாட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கண்ணைப் பாருங்கள், இமைக்கும்." இமைத்தது. பாம்பு இமைக்காது. அது ஸ்லோவோர்ம், காலில்லாத பல்லி வகை. அதைக் கொல்வதும் காயப்படுத்துவதும் 1981 வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு 'ஐரெக்கார்டு' செயலியில் ஏற்றினேன். ஒரு வாரம் கழித்து, பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து பணிவான கேள்வி: 'இது வீட்டுக்குள் பார்த்ததா?' செயலி நான் ஏற்றிய இடத்தின் கட்ட எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறது. பதிவேட்டுக் கணக்கில் என் வரவேற்பறையில் ஒரு ஸ்லோவோர்ம் வசித்திருக்கிறது! அதனால் பார்த்த இடத்திலேயே பதியுங்கள், முடியாவிட்டால் இடத்தைக் கையால் மாற்றுங்கள்.

பதிவுக்கு வேண்டியது நாலே விஷயம்: என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது. படம் இருந்தால் சரிபார்ப்பு சுலபம். சரிபார்ப்பவர்கள் சம்பளம் வாங்காதவர்கள், வாரக்கணக்கில் ஆகும், சில நேரம் மாதக்கணக்கில். அவசரமென்றால் பதிவு மையத்துக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முள்ளெலி, தவளை, வௌவால் எதுவும் அற்பமில்லை. முள்ளெலியும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது.

9. எப்போது எதைச் செய்வது

இன்றே: கவுன்சிலின் வாராந்தர விண்ணப்பப் பட்டியலுக்கு மின்னஞ்சல் அறிவிப்பு போட்டுக்கொள்ளுங்கள். கம்பத்துத் தாளை நம்ப வேண்டாம்.

முதல் வாரம்: வரைபடங்கள், கட்ட எண். செலவு இல்லை, உரிமைப் பதிவு வேண்டுமென்றால் மட்டும் 7 பவுண்டு.

இரண்டாம் வாரம்: பதிவு மையத்துக்குப் படிவம், கவுன்சிலுக்கும் ஏஜென்சிக்கும் ஈஐஆர் கடிதங்கள், ஒரே நாளில். ஒன்றின் பதிலுக்காக மற்றதை நிறுத்தி வைக்காதீர்கள்.

ஆறாம் வாரம் முடிவதற்குள் எல்லாம் கைக்கு வந்திருக்கும். விண்ணப்ப எண் வந்ததும் தேதி போட்டு அனுப்பும்படி இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஊர்வன தேட ஏப்ரல், மே, செப்டம்பர். குளத்தில் பெரிய கொண்டை நியூட் (பல்லி போலிருக்கும் நீர்நில வாழ்வி) இருக்கிறதா என்று நீர் மாதிரியில் டிஎன்ஏ தேடும் சோதனை ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரைதான். வௌவால் வெளிவருவதை எண்ண மே முதல் செப்டம்பர். இந்தச் சாளரம் மூடிவிட்டால் அவர்களும் காத்திருக்க வேண்டும், நீங்களும்தான். எங்கள் வயலுக்கு ஊர்வன ஆய்வு வேண்டும் என்று கவுன்சில் சூழலியலாளர் எழுதியது அக்டோபர் நடுவில். ஆய்வு ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. இதை எழுதும்போது மார்ச். உரக்குவியல் மேல் கம்பளத்தை மறுபடி விரித்து வைத்திருக்கிறோம், இந்த முறை செயலியைத் தோட்டத்திலேயே திறப்பதாக முடிவு.